பாலம் அறுந்த கதை தெரிந்த பிறகு

கேள்வி: சின்ன வயதில் பார்த்து மயங்கிய சண்டைப் படம் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’. கண்டிப் பக்கம் அதை எடுத்த விதத்தை அண்மையில் வாசித்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். பாலம் அறுகிற இடத்தில் பழைய படபடப்பே இல்லை. விழுகிறவர்கள் பொம்மைகள் என்பதுதான் கண்ணில் நிற்கிறது. வாசித்திருக்கக் கூடாதோ? என் மகன் இன்னும் பார்க்கவில்லை. அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக் காட்டலாமா?
வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: வாசித்ததில் தப்பே இல்லை. பொம்மையைப் பிடித்துக்கொண்டு பாலத்தை விட்டுவிட்டீர்கள், அதுதான் சிக்கல். 1983இல் விக்டோரியா அணைக்கட்டு வேலையில் இருந்த பொறியியலாளர்களைக் கொண்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே நிஜமாகவே கட்டிய பாலம் அது. தாங்கியது உருக்கு வடம். உயரத்துக்குப் பயந்த இயக்குநர் ஸ்பீல்பேர்க் அதில் கால் வைக்கவில்லை. கதாநாயகன் ஹரிசன் போர்ட் ஓடியே கடந்தார். வடத்தை வெடிவைத்து அறுத்தபோது பல கமராக்கள் சேர்ந்து ஓடின. இன்னொரு தடவை அறுக்க இன்னொரு பாலம் கிடையாதே! விழுந்த பொம்மைகளுக்குக் கைகால் உதறப் பொறி வைத்திருந்தார்கள். கீழே வாய் பிளக்கும் முதலைகளைப் பிடித்ததோ புளோரிடாவில். இத்தனை ஒட்டு இருந்தும் அன்று உங்களுக்கு மூச்சு நின்றதே, அந்தக் கைவேலையை இப்போது பாருங்கள்.

இன்னோர் இடமும் சொல்கிறேன். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையில் செட் போட்டு எடுத்த கிராமத்தில் வருகிற பூசாரிக் கிழவர், சிங்களத் திரையின் பெரும் நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பீல்பேர்க் கமராவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். பேச்சுக்கு நடுவே அவர் நிறுத்துகிற இடமெல்லாம் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிற இடம். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரின் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்றுதான் நாம் நினைத்தோம். விஷயம் தெரிந்த பிறகும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவர் முகம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. பாஷை தெரியாமலே ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அதற்காகவே இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

தெரிந்ததும் சுருங்கிப்போகிற காட்சி ஒன்றும் உண்டு: அரண்மனை விருந்து. பாம்பும் குரங்கு மூளையும் தின்கிறவர்களாக இந்தியர்களைக் காட்டியது அசிங்கம். கதையைப் படித்த இந்திய அரசு ஆட்சேபித்ததால்தான் படப்பிடிப்பு நம் மலைக்கு வந்தது. இந்தியக் கிராமம் என்று காட்டுகிற இடத்தில் ஊர்க்காரர்கள் சிங்களம் பேசுகிறார்கள். நம் பக்கத்தில் யார் காதுக்கும் அது தப்பாது.

மகனுக்கு முதல் தடவை ஒன்றும் சொல்ல வேண்டாம். பாலம் அறுகிறபோது பக்கத்தில் இருந்து அவன் முகத்தைப் பாருங்கள். அப்புறம் ‘எப்படி எடுத்தாங்க?’ என்று அவனே கேட்பான். அப்போது பொம்மை, முதலை, பெரியவர் நாணயக்கார எல்லாவற்றையும் சொல்லுங்கள். விருந்துக் காட்சியைப் பற்றி மட்டும் அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.