ரசத்தைத் தாங்கும் எவர்சில்வர் ஊறுகாயைத் தாங்காதா?

கேள்வி: எவர்சில்வர் சம்படத்தில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்தேன். மூன்றே வாரத்தில் அடியில் கரும்புள்ளிகள். தேய்த்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோலக் குழி. அதே செட் பாத்திரத்தில் தினமும் புளி ரசம் கொதிக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சைப் புளிப்புதான் அரித்ததா? கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: புளிப்பின் மேல் பழி போடாதீர்கள். வேலையைத் தொடங்கி வைத்தது உப்பு.

பித்தளைக்கு ஈயம் பூச ஆள் வரவேண்டும். எவர்சில்வர் தனக்குத்தானே பூசிக்கொள்ளும். அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஆக்சைடு படலமாகிறது. கனம் சில நானோமீட்டர்தான். கரண்டி கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். சமையல் புளிப்பு இதை அசைக்காது. சொல்லப்போனால், ஆலைகளில் இந்தப் படலத்தைச் சீராக்க எஃகைச் சிட்ரிக் அமிலத்தில் முக்குவதுண்டு. எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்!

உப்பிலுள்ள குளோரைடு அப்படியில்லை. படலம் எங்கே நைந்திருக்கிறதோ அங்கே துளைத்துவிடும். அடியில் கரையாமல் படிந்த கல் உப்பை நினைத்துப் பாருங்கள். அதன் கீழே கெட்டியான உப்புநீர். ஆக்சிஜன் எட்டாது, கிழிந்த படலம் மூடாது. கரைந்த இரும்பும் குரோமியமும் தண்ணீரோடு வினைபுரிய, குழிக்குள்ளேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊறத் தொடங்கும். அப்புறம் குழி தானாகவே ஆழமாகிக்கொண்டு போகும். ரசத்தில் உப்பு கொஞ்சம், கொதியில் கலங்கியபடியே இருக்கிறது, அன்றே கழுவியும் விடுகிறீர்கள்.

கடைக்காரரைத் திட்டவும் அவசரப்பட வேண்டாம். 18% குரோமியம், 8% நிக்கல் உள்ள 304 ரகமும் ஊறுகாயில் குழி விழக்கூடியதுதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 இன்னும் சீக்கிரம் விழும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. மாலிப்டினம் சேர்ந்த 316 கூடுதலாகத் தாங்கும். ஆனால் அந்த விலைக்கு எத்தனையோ பீங்கான் ஜாடி வாங்கலாம்; ஊறுகாய்க்கு அதுதான் சரி.

சம்படத்தைத் தூக்கிப்போட வேண்டாம். நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பருப்பு போட்டு வையுங்கள். புள்ளி போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள், அதுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ரசத்துக்கும் தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டு, ஒரு கலக்கு கலக்கிவிடுங்கள்.