இடிக்கும் முன் கேளுங்கள்: வன்னியின் பழைய கட்டடங்கள் பற்றிய கேள்வி பதில்

பழைய கட்டடங்களைத் திருத்தி ஊர்ப் பாவனைக்கும் வியாபாரத்துக்கும் கொண்டுவருவது பற்றி இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியின் பல இடங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் பதில் தருகிறார்.

முள்ளியவளை: ஐயா, எங்கள் சனசமூக நிலையம் எழுபதுகளில் கட்டியது. யுத்தத்தில் கூரை போய்விட்டது. சுவர்கள் நிற்கின்றன. ஒரு மூலையில் அரச மரம் முளைத்துவிட்டது. அங்கே வாசிகசாலையும் முன்பள்ளியும் நடத்த விரும்புகிறோம். ஒப்பந்தக்காரரோ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார்.

உடனே தலையாட்டிவிடாதீர்கள். இடித்துக் கட்டுவது ஒப்பந்தக்காரருக்கு இலகு. உங்கள் பணத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே நிற்கும் சுவரை மறுபடி எழுப்பவே போய்விடும்.

ஒரு நாள் காலையில் நாலு பேர் சேர்ந்து சுவர்களைச் சோதியுங்கள். தூக்குக்குண்டு, சுத்தியல், நீளமான ஆணி ஆகிய மூன்றும் போதும். சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பாருங்கள். பத்தடி உயரத்துக்கு அரை அங்குலம் விலகியிருந்தால் நான் பயப்பட மாட்டேன். அங்குலத்துக்கு மேல் சரிந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றிக் கட்ட வேண்டிவரும். பூச்சை மெதுவாகத் தட்டுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் ஆணியைக் குத்துங்கள். எதிர்ப்பில்லாமல் விரலளவு இறங்கினால் அந்தச் சாந்து இனிக் கல்லைப் பிடிக்காது.

கூரையில்லாமல் மாரிக்கு மாரி நனைந்த சுவரில் பெரும்பாலும் மேல் நாலைந்து வரிகள்தான் கெட்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, சுவரின் தலையில் சுற்றிவர ஒரு கொங்கிறீற்று பீம் போடுங்கள். தனித்தனியாக நிற்கும் நான்கு சுவர்களையும் ஒன்றாகக் கட்டிப் பிடிப்பது அதுதான். கூரைக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள்கூட இந்தப் பீமில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் இருக்கப்போகும் இடம் அது.

அரச மரத்தைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் வேர் சுவரையும் சேர்த்துக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, மறுபடி துளிர்க்க விடாமல் பார்த்து, வேர் பட்டுப்போன பிறகு அந்த மூலையின் கற்களைக் கழற்றி, வேரை முழுதாக எடுத்துவிட்டுக் கட்டுங்கள். துண்டு வேர் உள்ளே உயிரோடு இருந்தால் அடுத்த மாரிக்கே தலைகாட்டும்.

வேலையைச் சித்திரையில் தொடங்குங்கள். புரட்டாசி முடியும் முன் ஓடு ஏறியிருக்க வேண்டும். ஐப்பசி மழை குழுக் கூட்டம் முடியும்வரை காத்திருக்காது. தரையும் வர்ணமும் பெயர்ப்பலகையும் கூரைக்குப் பிறகுதான். இன்னொன்று: பழைய கதவு நிலைகள் முதிரை மரமாக இருந்தால் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். அழுக்கைச் சீவி எண்ணெய் பூசினால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். அந்தத் தரத்தில் மரம் வாங்க இன்று உங்கள் நிதி போதாது.

கிளிநொச்சி: ஏ9 வீதியோரம் எங்கள் இரண்டு மாடிக் கட்டடம் யுத்தத்தில் எரிந்தது. பூசி, வர்ணமடித்து, கீழ்த்தளத்தைப் புடவைக் கடைக்கு வாடகைக்குக் கொடுக்கலாமா?

பூசுவதற்கு முன் நிறத்தைப் பாருங்கள், தம்பி. கொங்கிறீற்று ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால், அதிலுள்ள கல்லைப் பொறுத்து, இளஞ்சிவப்பாக மாறும். அதற்கு மேல் சூடு ஏற ஏற வலு வேகமாகக் குறையும். பூச்சை உரித்துவிட்டு, மேல்தளக் கொங்கிறீற்றுத் தட்டின் அடிப்பக்கத்தையும் தூண்களின் மூலைகளையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருக்கிறதா, மூலைகள் உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துரு. நல்ல கொங்கிறீற்றின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைக் காப்பாற்றும். ஆண்டுக்கணக்கில் காற்றுப் பட்டால் அந்தக் காரம் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போகும். இதை அறிய எளிய சோதனை உண்டு. தூணில் ஒரு சிறு துண்டைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் பினோத்தலீன் கரைசல் தெளிப்பார்கள். கடும் இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது. நிறம் மாறாத ஆழம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்குப் பாதுகாப்பு போய்விட்டது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் பயனில்லை. துருப்பிடிக்கும் கம்பி பருத்து, பூச்சை வெளியே தள்ளிவிடும்.

பட்டயப் பொறியியலாளர் ஒருவரை அழைத்து, எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே வாடகை பேசுங்கள். புடவைக் கடைக்காரர் மேல்தளத்தில் துணிக்கட்டு அடுக்குவார். வீட்டுக்கென்று கட்டிய தட்டு அந்தப் பாரத்துக்குப் போட்டதல்ல. கட்டடம் தாங்காது என்று அறிக்கை சொன்னால் இடிப்பதுதான் சரி. நிற்க முடியாததைப் பாசத்துக்காக நிறுத்திவைத்து அதன் கீழே பிறரை உட்கார வைக்கக் கூடாது.

வட்டக்கச்சி: கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கல்யாண மண்டபம் ஆக்கலாம் என்று நிர்வாகசபையில் பேச்சு. உங்கள் கருத்து?

நடுவில் தூண் இல்லாத அகலமும் உயரமும் கொண்ட கட்டடம். மண்டபம் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாளில் மட்டுமே வாடகை வரும். காலபோக நெல் மாசி, பங்குனியில் வீதியில் காயும்போது, களஞ்சியத்தை மண்டபமாக்கிவிட்டு விவசாயியைத் தனியார் வியாபாரியிடம் அனுப்புவது சங்கத்துக்கு அழகா? என் யோசனை, பாதியைக் களஞ்சியமாகவே திருத்துங்கள். மறு பாதியை மடக்குத் தடுப்பு வைத்து, கூட்டம், பயிற்சி, வாரச்சந்தை, சிறிய விசேஷம் எல்லாவற்றுக்கும் விடுங்கள். ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்கும் கட்டடம்தான் தன் பராமரிப்புச் செலவைத் தானே தேடிக்கொள்ளும்.

எதைத் தீர்மானித்தாலும் இரண்டைக் கவனியுங்கள். களஞ்சியச் சுவரின் வெளிப்புறத்தில் இடைக்கிடை தடித்த முட்டுகள் இருக்கும். உள்ளே குவித்த நெல் சுவரை வெளியே தள்ளும்போது தாங்குவதற்காகக் கட்டியவை அவை. ஜன்னல் வைக்கிறோம் என்று அவற்றை வெட்டாதீர்கள். இரண்டு முட்டுகளுக்கு நடுவே, மேலே பாரம் தாங்க லிண்டல் போட்டுத் திறவுங்கள். அடுத்து, களஞ்சியத்துக்கு ஒரு கதவு போதும், சனம் கூடும் இடத்துக்குப் போதாது. எதிரெதிர்ப் பக்கங்களில் வெளிப்புறமாகத் திறக்கும் அகலக் கதவுகள் வேண்டும். சமையலடுப்பு கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கூரை அஸ்பெஸ்ரஸ் என்றால் காய்ந்த தகட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம்.

மாங்குளம்: அம்மப்பாவின் பழைய நாற்சார் வீடு அனுமதிப் பத்திரக் காணியில் இருக்கிறது. கனடாவிலுள்ள மாமா பணம் அனுப்பத் தயார். விருந்தினர் விடுதி ஆக்கலாமா?

பிள்ளை, மாமாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப் பத்திரம், காணியை எந்தத் தேவைக்குப் பாவிக்கலாம் என்று நிபந்தனை சொல்கிறது. குடியிருப்புக்கோ பயிர்ச்செய்கைக்கோ தந்த காணியில் வணிகம் நடத்த, பிரதேச செயலகத்தில் முதலில் எழுத்து மூல அனுமதி கேட்க வேண்டும். பத்திரம் இன்னும் அம்மப்பா பெயரில் இருந்தால் அதை வாரிசு பெயருக்கு மாற்றும் பின்னுரிமை மாற்றம் அதற்கும் முதல் வேலை. இந்த இரண்டும் முடியாமல் ஒரு மூட்டை சீமெந்தும் இறக்க வேண்டாம்.

பிறகு பிரதேச சபை. வீட்டை விடுதியாக்குவது பாவனை மாற்றம். வரைபடத்துக்கு அனுமதியும், வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழும் தேவை. கழிவுநீர்க் குழி கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் இருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார்.

வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: நடுமுற்றத்தைத் தகடு போட்டு மூடிவிடாதீர்கள். வன்னி வெயிலில் அந்த வீட்டைக் குளிர்விப்பது அந்த முற்றம்தான். மூடிவிட்டால் அறைக்கு அறை குளிரூட்டி வைத்து, வருமானத்தை மின்கட்டணமாகக் கட்ட நேரிடும்.

முருங்கன்: பழைய பாடசாலைக் கட்டடத்தைக் கணினி நிலையமாக்கினோம். வெடிப்புகள் கோடையில் திறக்கின்றன, மாரியில் மூடுகின்றன. மூன்று முறை பூசியாகிவிட்டது.

சுவரில் குறையில்லை, மண்ணின் குணம் அது. முருங்கன் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் களிமண் போனது. கோடையில் விரிந்த வெடிப்பைச் சீமெந்தால் இறுக்கி அடைத்தால், மாரியில் மூட இடமில்லாமல் சுவர் பக்கத்தில் வெடிக்கும்.

அத்திவாரத்தைச் சுற்றியுள்ள மண் ஆண்டு முழுவதும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். அதற்கு, சுவரைச் சுற்றி நாலைந்தடி அகலத்தில் வெளிச்சரிவாகக் கொங்கிறீற்றுத் தளம் போடுங்கள். கூரைத் தண்ணீரைப் பீலியில் பிடித்துத் தூரத்துக்கு அனுப்புங்கள். சுவரோரம் பெரிய மரம் வேண்டாம். இதையெல்லாம் செய்து ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்த பிறகு, மிஞ்சும் வெடிப்பை நெகிழும் பசையால் அடையுங்கள்.

புதுக்குடியிருப்பு: பழைய கடையின் பின்வளவில் மூடிய பதுங்குகுழியும் தூர்ந்த கிணறும் இருக்கின்றன. நாங்களே தோண்டலாமா?

வேண்டாம். மண்வெட்டி வைக்காமல் கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். வெடிபொருள் இல்லை என்று உரியவர்கள் உறுதிப்படுத்தும்வரை வேலையாட்களையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பரந்தன்: நான் சக்கர நாற்காலி பாவிப்பவன். எங்கள் பொது மண்டபத்தைத் திருத்துகிறார்கள். சாய்தளம் பிறகு போடலாம் என்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும்?

தம்பி, கூட்டத்தில் இதை அப்படியே வாசியுங்கள். பொதுமக்கள் பாவிக்கும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர அணுகும் வசதி வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. இது யாரும் மனமிரங்கித் தரும் உதவியில்லை, சட்டம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது கணக்கு. மண்டபத்தின் தரை ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் பதினெட்டடி நீளம் வரும். வாசலில் அந்த இடத்தை இப்போதே ஒதுக்காவிட்டால் பிறகு படியும் தூணும் அங்கே நிற்கும். ‘பிறகு’ என்றால் நடக்காது. கதவு மூன்றடிக்குக் குறையாமல், மலசலகூடத்தில் நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் இருக்கட்டும். கதவு உள்ளே திறந்தால் அந்த இடம் போய்விடும். எத்தனையோ பேர் கால் இழந்த மண் இது. இங்கே படி மட்டும் வைத்த பொது மண்டபத்தை என்னால் ஏற்க முடியாது.

ஒட்டுசுட்டான்: எங்கள் ஊர் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கிய காலத்து ஓடுகள் கொஞ்சம் குவிந்து கிடக்கின்றன. மறுபடி ஏற்றலாமா?

ஒவ்வொன்றாக விரல் மூட்டால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மங்கலாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு. பாசியைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பழைய ஓடும் புதிய ஓடும் ஒரே சரிவில் கலந்தால் ஒன்றோடொன்று மாட்டும் கொளுவி பொருந்தாது, ஒழுகும். வீதிப்பக்கச் சரிவு முழுவதும் பழையது, பின்பக்கம் முழுவதும் புதியது என்று பிரித்து ஏற்றுங்கள். உடைந்தால் மாற்றுவதற்குப் பழையதில் ஒரு நூறையாவது எடுத்து வையுங்கள்.