அழுதது போதும், மெட்டுக்கு வாங்க: கேள்வி பதில்

தனிப்பாடல்களுக்கு வரி எழுதுவது என் தொழில். காதல் முறிவைப் பாட்டாக்குவது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, பிரிந்து ஐந்து மாதம். 'இதயம் நொறுங்கியதே, கண்ணீர் கடலானதே' என்று பல்லவி எழுதினேன். யாருக்கும் ஒட்டவில்லை. பைக்கில் இன்னும் அவளுடைய ஹெல்மெட் தொங்குகிறது, அதைப் பார்த்தால் எழுதவே வருவதில்லை.

பதில்: தம்பி, பாட்டைக் கேள்வியின் கடைசியில் போட்டுவிட்டு, பல்லவியில் வேறு எதையோ எழுதியிருக்கிறீர்கள். நொறுங்கிய இதயம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. யாரும் போடாத ஹெல்மெட்டைத் தினமும் ஆபீசுக்குச் சுமந்து போவது நீங்கள்தான். அதை எழுதுங்கள்.

குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் செய்தது இதுதான். காதலன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயப்படுகிறாள் அந்தப் பெண். எங்கள் உறவுக்கு வேறு சாட்சி இல்லை, ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று உண்டு என்கிறாள். அதன் கால் தினைத்தாள் மாதிரி இருந்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் குருகு பார்த்தது மீனைத்தானே? அங்கேதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: மெட்டு முதலிலா, வரி முதலிலா?

பதில்: துக்கத்தில் இருப்பவர்களுக்கு மெட்டுதான் முதலில். இல்லாவிட்டால் டைரி எழுதிவிடுவீர்கள். 'தன்னானே' போட்டு முனகிப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று தெரியும். அந்த இடத்தில் நெடில் வேண்டும். 'போனாயே' என்றால் எவ்வளவு நேரமும் இழுக்கலாம். 'போய்விட்டது' என்று போட்டால் குரல் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: பிரிந்தவர் என் பேண்டிலேயே கிட்டார் வாசிக்கிறார். அவரைப் பற்றி எழுதலாமா?

பதில்: ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977 ஆல்பம் 'ரூமர்ஸ்' அப்படி வந்ததுதான். அதன் கிட்டார்காரர் லிண்ட்சே பக்கிங்ஹாம் பிரிவைப் பற்றி எழுதிய பாட்டுக்கு, அவரைப் பிரிந்துபோன காதலியும் அதே குழுவின் பாடகியுமான ஸ்டீவி நிக்ஸே பின்குரல் பாடினார். உங்கள் இருவருக்கும் அந்த நெஞ்சழுத்தம் இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: இப்போது மனசு ஆறிவிட்டது. எழுத ஒன்றுமே இல்லையே?

பதில்: இரண்டாவது சரணம் இனிமேல்தான் வரும்மா. கோபத்தை அன்று ராத்திரியே எழுதிவிடலாம், நம் தப்பு கண்ணுக்குத் தெரிய நாளாகும். அவர் பேச ஆரம்பித்த ஒரு வாக்கியத்தைக்கூட நான் முடிக்க விட்டதில்லை என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது. அந்தச் சரணத்தில் அவருடைய வரிகளைப் பாதியிலேயே வெட்டி எழுதினேன். அதற்கப்புறம்தான் பாட்டு முடிந்தது.

கேள்வி: பாடி ரெக்கார்ட் செய்து அவளுக்கே அனுப்பலாமா அக்கா?

பதில்: வேண்டாம் தம்பி. நான் ஒருமுறை அனுப்பினேன். 'இரண்டாவது சரணத்தில் தாளம் இடிக்குதே' என்று பதில் வந்தது. போட்டுக் கேட்டேன், இடிக்கத்தான் செய்தது.