555 புக்குல ஏன் கீரை இல்ல?

கேள்வி: அக்கா, நாங்க மலேசியாவுல தாப்பா பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டம். இளைஞர் மன்றத்துல பத்து பேரு சேர்ந்து மாசா மாசம் கஷ்டப்படுற 30 வீட்டுக்கு அரிசி, பிஸ்கட், மீ (நூடுல்ஸ்), டின் பால் கொடுக்குறோம். போன வாரம் கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) பார்த்துட்டு "இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்களுக்கு இதையா கொடுக்குறீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. காய்கறி கொடுத்துப் பார்த்தோம், பாதி வாடிப்போச்சு. லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால பயிர் போடலாமா?

பதில்: தம்பி, மிஸ்ஸி கேட்டது சரிதான், கேட்ட இடம்தான் சரியில்ல. 2023ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, நூத்துக்கு 95 பேரு காய்கறி பழம் போதுமான அளவு சாப்பிடலன்னும் வந்துச்சு, அதனால லயத்து ஆளுங்களுக்குத்தான் தெரியலன்னு யாரும் நினைக்க வேணாம். அரைத் தட்டு காய்கறி பழம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனு, அந்த 'சுக்கு சுக்கு செபாரோ' (மலாய்ல கால், கால், பாதி) படம் கிளினிக் செவுத்துல பார்த்துப் பார்த்து நம்ம ஆச்சிங்களுக்கே மனப்பாடம்.

எங்கம்மாவோட 555 புக்கு, அதான் கடைக் கடன் எழுதுற சின்ன நோட்டு, இன்னும் என்கிட்ட இருக்கு. சார்டின், மீ, மாவு, டின் பால், மறுபடி சார்டின்னு பக்கம் பக்கமா போகுது, ஒரு இடத்துல கூட சாவிக் கீரையோ பயத்தங்காயோ இல்ல. ஏன்னா தவுக்கே (கடை முதலாளி) அழுகுற சாமானை வச்சுக்க மாட்டாரு, கடன் கொடுக்குறதெல்லாம் அழுகாத சாமானுக்குத்தான். காய்கறி பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) கிடைக்கும், ஆனா அங்க கையில காசு வேணும், போக மோட்டார் சைக்கிள் வேணும், மாசம் 20 தேதிக்கு மேல ரெண்டும் இருக்காது. கேமரன் மலைக் காய்கறி உங்க தாப்பா ரோட்டு வழியாவும் இறங்குது, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அதனால தவுக்கேகிட்ட போய் உட்காருங்க. வாரத்துல ரெண்டு நாளு கோபிஸ் (முட்டைக்கோஸ்), பூசணி, பயத்தங்காய், கேரட்னு ரெண்டு நாள் தாங்குறதா இறக்கச் சொல்லுங்க, மத்த சாமான் மாதிரியே 555லயும் எழுதச் சொல்லுங்க, சாயங்காலம் மிஞ்சுனதை மன்றம் அடக்க விலைக்கு எடுத்துக்கும்னு வாக்கு கொடுங்க, அவருக்கு பயமே மிஞ்சுறதுதான். மிஞ்சுனதை அன்னைக்கே லயத்துல யாருக்கு வேணுமோ கொடுத்துடலாம். "இவங்க ஏழை வீடு"ன்னு பேரு வாசிச்சு மேடையில கொடுத்து போட்டோ புடிக்குறது மட்டும் வேணவே வேணாம்.

பொட்டலத்துல பிஸ்கட், மீக்குப் பதிலா முட்டை, பருப்பு, கொஞ்சம் நெத்திலி போடுங்க. டின் பாலை ஒரேயடியா நிறுத்துனா ஆச்சிங்க உங்களைத்தான் ஏசும், முதல்ல பாதியாக்குங்க.

பயிர் விஷயம்: நிலம் தோட்டத்தோடது, மேனேஜர்கிட்ட எழுதிக் கேட்டு வாங்காம மண்வெட்டியைத் தூக்காதீங்க, நாளைக்கு வீடு காலி பண்ணச் சொன்னா பயிரும் போச்சு. அதுவரைக்கும் பை, பழைய வாளி போதும். கங்கோங் கீரைத் தண்டை நட்டா மூணு நாலு வாரத்துல வெட்டலாம், சாங்கோக் மானிஸ் கீரையும் குச்சி நட்டாலே வந்துடும், முருங்கைக்கு நான் சொல்லணுமா. ஒன்னு மட்டும், மருந்து வச்சிருந்த தோம்பை (பீப்பாயை) கழுவி அதுல நட்டுடாதீங்க. பராகுவாட்ங்கிற களைக்கொல்லி விஷத்தை 2020லயே தடை பண்ணிட்டாங்க, ஆனா அந்தக் காலத்துத் தோம்புல மழைத்தண்ணி புடிச்ச வீடுங்கள நானே பார்த்திருக்கேன், எங்க வீடும் அதுல ஒன்னு.