படகு கிடைக்கவில்லை, ஆனால் கடலைத் தாண்டியிருக்கிறார்கள்

கற்கால மனிதர்கள் படகேறி, வேண்டுமென்றே கடலைத் தாண்டினார்கள் என்று நான் சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: அண்ணா, அவ்வளவு பழைய படகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே, அப்புறம் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

மரம் மக்கிவிடும். 1955-இல் நெதர்லாந்தின் பெஸ்ஸெ கிராமத்துப் பக்கம் கிடைத்த குடைமரத் தோணிதான் நம் கையில் இருப்பதிலேயே பழையது, அதற்கே ஏறக்குறைய 10,000 வயதுதான். பனியுக உச்சத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, அன்றைய கடற்கரைகள் எல்லாம் இன்று நீருக்கடியில். ஆனால் கல் மக்காது. ஜப்பானின் கோசுஷிமா தீவில் கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக் கல், அந்நாட்டின் பெரிய தீவான ஹோன்ஷுவில் 38,000 ஆண்டுப் பழைய இடங்களில் கிடைக்கிறது. கடல் எவ்வளவு வற்றியபோதும் அந்தத் தீவு நிலத்தோடு சேர்ந்ததே இல்லை. அப்படியானால் யாரோ போய், கல்லை எடுத்துக்கொண்டு, திரும்பியும் வந்திருக்கிறார்கள். திரும்பி வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தற்செயலாக ஒதுங்கியிருக்கலாமே?

தைவானுக்கும் ஜப்பானின் பெரிய தீவுகளுக்கும் நடுவே வரிசையாக இருக்கும் ரியுக்யு தீவுகளில் கற்காலத்திலேயே மனிதர் குடியேறியிருந்தார்கள், அந்தத் தீவுகள் விஷயத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். தைவான், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு பக்கம் மிதந்து போன 138 மிதவைகளின் செயற்கைக்கோள் தடங்களை எடுத்துப் பார்த்தால், 4 மட்டுமே அந்தத் தீவுகளுக்கு 20 கிலோமீட்டருக்குள் வந்தன. தைவானை ஒட்டி வடக்கே வேகமாக ஓடும் குரோஷியோ என்ற கடல் நீரோட்டம் மற்றவற்றை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதோடு, ஒருவர் இருவர் ஒதுங்கினால் அங்கே வம்சம் தழைக்காது, ஆணும் பெண்ணுமாகக் கணிசமான பேர் போயிருக்க வேண்டும்.

கேள்வி: சார், திசைகாட்டி இல்லாமல் இரவில் எப்படி?

அந்தக் காலப் பயணம் சாத்தியமா என்று பார்க்க, 2019 ஜூலையில் ஜப்பானிய மானுடவியலாளர் யோசுகே கைஃபுவின் குழு செய்ததைச் சொல்கிறேன். கல் கோடாரியால் மரத்தை வெட்டிக் குடைந்து ஒரு தோணி செய்தார்கள். நாலு ஆண்கள், ஒரு பெண். வரைபடமோ கடிகாரமோ கிடையாது, பகலில் சூரியன், இரவில் நட்சத்திரம், அப்புறம் அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது, இவ்வளவுதான் துணை. தைவானிலிருந்து ரியுக்யு தீவுகளில் ஒன்றான யோனகுனி வரை சுமார் 225 கிலோமீட்டரை 45 மணி நேரத்தில் கடந்தார்கள். தைவான் கரையில் நின்றால் யோனகுனி தெரியாது, மலையேறினால்தான் தெரியும். அதனால் அந்தக் காலத்தில் யாரோ மலை மேலிருந்து முதலில் தீவைப் பார்த்து, நீரோட்டத்தின் இழுப்பையும் நாள்கணக்கில் கவனித்த பிறகுதான் கிளம்பியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: மூங்கில் தெப்பம் போதாதா?

அங்கே போதவில்லை. அதே குழு அதற்கு முன்பு நாணல் படகிலும் மூங்கில் தெப்பத்திலும் முயன்றது, இரண்டுமே வேகம் பற்றாமல் நீரோட்டத்திடம் தோற்றன.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கும் இப்படித்தானா?

அங்கே குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வந்துவிட்டார்கள். இந்தோனேசியத் தீவுகள் வழியாக, பல இடங்களில் ஒரு தீவிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும். கிழக்கு திமோரின் ஜெரிமலாய் குகையில் 42,000 ஆண்டுப் பழைய சூரை மீன் எலும்பு கிடைத்திருக்கிறது, கடலை நன்றாகப் பழகிய ஆட்கள். பாப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கான பயணம்தான் என்னை அசத்துகிறது: 200 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் முன்னேயும் பின்னேயும் நிலமே தெரியாத கடல்.

கேள்வி: ஃப்ளோரஸ் தீவில் 10 லட்சம் ஆண்டுப் பழைய கல் கருவிகள் உண்டே, அவர்களும் படகோட்டிகளா?

அவர்கள் நம் இனத்துக்கு வெகு முந்தையவர்கள். ஆழிப்பேரலை அடித்துக்கொண்டு போன சிலர் பிழைத்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். கோசுஷிமா கல் மாதிரி போய்த் திரும்பிய தடயம் ஒன்று அங்கே கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.