மாந்தோப்பை விற்பதற்கு முன் மகளின் கேள்வியைக் கேளுங்கள்

ஐயா, சென்ற ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியிலிருந்து மகளுடன் வந்த நீங்கள், நீட் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருந்தீர்கள். அன்று ஆறுதல் சொன்னேன். இன்று நேராகவே எழுதுகிறேன். மைத்துனரின் பேச்சைக் கேட்டு மாந்தோப்பை விற்று, பெண்ணை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்காதீர்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் பதிவு கிடைக்கும். அதற்குள் தோப்பு கைமாறியிருக்கும். அவளுக்கு ஏற்றது, உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராயும் உடலியங்கியல்.

நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து சென்றபோது, அவள் தன் நோட்டில் பென்சிலால் வரைந்திருந்த குடல் படத்தைக் காட்டினாள். பாட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார்களாம், "குடல் எவ்வளவு உப்பை உள்ளே இழுக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். மருத்துவராக விரும்பும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டவர் எவரும் இல்லை.

அதற்கு விடை குடல் சுவரிலேயே இருக்கிறது. சளிச்சவ்வுக்கு அடியில் படர்ந்திருக்கும் நரம்பு வலை, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், உப்பும் நீரும் எவ்வளவு உறிஞ்சப்பட வேண்டும், எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைக் கணத்துக்குக் கணம் திருத்துகிறது. அங்குள்ள சில நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டால் செல்கள் குளோரைடைக் குடலுக்குள் விடுகின்றன, நீரும் பின்தொடர்கிறது. பதற்றத்தில் உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் வெளியிடும் நாரட்ரினலின் அந்தச் சுரப்பைத் தணித்து, உறிஞ்சுதலைக் கூட்டுகிறது. காலரா நச்சு செல்களைத் தாக்குவதோடு, சுரக்க வைக்கும் குடல் நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. அப்போதும் குளுக்கோஸோடு சேர்ந்து சோடியம் நுழையும் வழி மூடப்படுவதில்லை. பாட்டியைக் காத்தது அந்த வழிதான்.

இதை அளக்க, டென்மார்க்கின் உஸ்ஸிங் 1950களில் தவளைத் தோலுக்காக வகுத்த முறையே இன்றும் பயன்படுகிறது. குடலின் மெல்லிய துண்டை இரண்டு அறைகளுக்கு நடுவே பொருத்தி, அயனிகள் கடக்கும்போது எழும் மின்னோட்டத்தை அளப்பார்கள். பிறகு பேத்தை மீனின் நச்சைச் சேர்த்து நரம்புகளை அடக்கினால், மாறுகிற மின்னோட்டமே நரம்புகளின் பங்கைக் காட்டும். உங்கள் மகளின் பொறுமையான கைக்கு ஏற்ற வேலை இது. பக்கத்து வேலூரில், செரிக்காத மாவுப்பொருளை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்தால் காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு குறைகிறது என்று சி.எம்.சி. மருத்துவமனையார் காட்டி, 2000இல் வெளியிட்டார்கள்.

மற்ற படிப்புகளை உறவினர்களே வரிசையாகச் சொல்வார்கள். நான் சொல்வது உடலியங்கியல். அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம் போன்ற இடத்தில் முதுநிலை, அதன்பின் அறிவியல் ஆய்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட். இளநிலை ஆய்வாளராகத் தேர்வானால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பாதை நீளமானதுதான், முனைவர் பட்டத்துக்கு முன் நிலையான வேலையை எதிர்பார்க்காதீர்கள், நடுவில் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். ஆனால் கடன் இல்லை.

தோப்புக்கு முன்பணம் எதையும் வாங்காதீர்கள். அடுத்த ஞாயிறு அந்த நோட்டுடன் மகளை அழைத்து வாருங்கள். மைத்துனரும் வரட்டும், ஆனால் முதல் அரைமணி நேரம் அவள் மட்டுமே பேசட்டும்.