மகள் நாவல் எழுதப் போகிறேன் என்கிறாளா?

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், கல்லூரியை விட்டுவிட்டு நாவல் எழுதப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள் அம்மா. படிப்பும் நிற்க வேண்டாம், எழுத்தும் நிற்க வேண்டாம். ரெண்டில் ஒன்றைச் சொல் என்று மட்டும் அவளை நெருக்காதீர்கள்.

முதலில் பணக் கணக்கு. தமிழில் எழுத்தாளருக்குப் பொதுவாகக் கிடைப்பது புத்தக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டிய ராயல்டி. 300 ரூபாய் நாவல் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய், அதை வைத்து எத்தனை மாதம் ஓட்ட முடியும்? பூமணி கூட்டுறவுத் துறையிலும், ஜெயமோகன் தொலைபேசித் துறையிலும், இமையம் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள்தான். இதை அவளிடம் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தால், பணத்துக்காகப் பிடிக்காததை எழுத வேண்டியதில்லை, அவசரப்பட்டுக் கண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை.

அவளுக்கு இப்போது தேவை தினமும் ஒரு மணி நேரம், அதே நேரம், அதே இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆந்தனி டிராலோப் என்ற நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்தபடியே, விடிகாலை 5.30 மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அந்த வேகமெல்லாம் வேண்டாம். நாளுக்கு 300 வார்த்தை, வாரத்தில் ஐந்து நாள், 40 வாரம் என்றால் 60,000 வார்த்தை, அதாவது ஒரு நாவலின் முதல் வரைவு கையில் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கடைக்குப் போ, மாவை எடுத்து வை என்று அவளைக் கூப்பிடாமல் இருங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். நேற்று எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தால் கதை நகராது, திருத்துவதெல்லாம் முதல் வரைவை முடித்த பிறகுதான். எழுந்திருக்கும் முன், நாளைக்கு என்ன நடக்கப் போகிறது என்று ஒரு வரி குறித்து வைத்துவிட்டால் மறுநாள் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

திட்டம் போட்டு எழுதுவதா, போகிற போக்கில் எழுதுவதா என்பது அவரவர் சுபாவம். ஆனால் முதல் நாவல் பெரும்பாலும் பாதியில் நிற்பது நடுப்பகுதியில்தான் என்பதால், காட்சிக்கு ஒரு அட்டை எழுதச் சொல்வேன்: யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத அட்டையைத் தயங்காமல் எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி முன்பின்னாக மாற்றிப் பார்த்தால் ஓட்டை தானே தெரியும். தனியாக ஒரு தாளில் பாத்திரங்களின் வயது, நடக்கும் வருடம், யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வைக்கணும், இல்லாவிட்டால் அக்கா நடுவில் தங்கையாகிவிடுவாள்.

காசு கொடுத்து மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை பழகட்டும், யூனிகோடில் தட்டச்சு செய்யட்டும், கூகுள் டாக்ஸில் ஒரு பிரதியும் பென் டிரைவில் ஒரு பிரதியும் இருக்கட்டும். சந்தேகத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதைவிட, பாட்டியிடமும் தெருக்கோடி தையல்காரரிடமும் பேசும்போது காதில் விழும் சொல்லை உடனே ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிய சொத்து. எழுதி முடித்ததை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், உரையாடல் பொய்யாக இருந்தால் நாக்கு தடுக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இவ்வளவு பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். காப்புரிமை எழுதியவர் காலமெல்லாமும், அதற்கு மேல் 60 ஆண்டுகளும் இருக்கும், அதை மொத்தமாக எழுதிக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

வயது போய்விடுகிறது என்று அவள் பதறினால், சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது 35 வயது வரை உள்ளவர்களுக்கானது என்று சொல்லுங்கள். அடுத்த செமஸ்டர் விடுமுறை முடிவதற்குள் மூன்று சிறுகதை, தொடங்கியதை முடித்த கதையாக, எழுதி வீட்டுக்கு வெளியே நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மேற்படிப்பு தமிழிலா இதழியலிலா, மெய்ப்பு பார்க்கும் வேலை சரிப்படுமா என்று மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம்.